கிடேரி ஊசி: துளித்துளியாகப் பிரிக்கும் இயந்திரம்… எந்த மாட்டுக்குப் போடலாம்?

‘கிடேரிக் கன்றுதான் பிறக்கும்னு சொல்லி ஊசி போட்டாங்க. ஆனா, காளைக் கன்று பிறந்திருக்கு. ஏமாத்திட்டாங்களா?’

‘மூணு தடவை போட்டும் சினை நிக்கலை. சாதா ஊசியே போட்டிருக்கலாமோ?’

பாலினம் பிரித்த உறைவிந்து பற்றிப் பேச்சு எடுத்தாலே பால் பண்ணையாளர்களிடம் இருந்து வரும் கேள்விகள் இவை. முதல் கேள்வியில் சந்தேகம் இருக்கிறது. இரண்டாவதில் நஷ்டம் இருக்கிறது. இரண்டுக்கும் பதில் தெரிய வேண்டுமானால், அந்த விந்து எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளிக்குள் இருக்கும் ஒரே ஒரு விந்தணுவை, ஓடுகிற ஓட்டத்தில் ஒரே ஒரு முறை பார்த்து, ‘நீ கிடேரிக்கு, நீ காளைக்கு’ என்று பிரிக்கிறது ஓர் இயந்திரம். அதன் பலமும் பலவீனமும் புரிந்துவிட்டால், எந்த மாட்டுக்கு இந்த ஊசியைப் போடலாம், எந்த மாட்டுக்குப் போடக் கூடாது என்பதை நாமே முடிவு செய்துவிடலாம்.

மாட்டின் மேல் பழி வேண்டாம்

‘இந்த மாடு காளைக் கன்றாகவே போடுது’ என்று சொல்லி நல்ல கறவை மாட்டைச் சந்தைக்கு ஓட்டிச் சென்றவர்கள் உண்டு. உண்மையில் கன்றின் பாலினத்தில் மாட்டுக்குப் பங்கே இல்லை. மாட்டின் கருமுட்டையில் எப்போதும் ‘எக்ஸ்’ என்ற குரோமோசோம்தான் இருக்கும். காளையின் விந்தணுக்களில் ஏறத்தாழ பாதி ‘எக்ஸ்’, மீதி ‘ஒய்’. எக்ஸ் விந்தணு கருமுட்டையோடு சேர்ந்தால் கிடேரி. ஒய் சேர்ந்தால் காளை.

ஆக, விந்தணுக்களை எக்ஸ் தனி, ஒய் தனி என்று பிரித்துவிட்டால், வேண்டிய கன்றைப் பெறலாம். சொல்வது சுலபம். இரண்டும் வடிவத்திலோ நிறத்திலோ நீந்தும் விதத்திலோ பிரித்தறியும்படி இல்லை. மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்தாலும் எது எக்ஸ், எது ஒய் என்று சொல்ல முடியாது. நம்பத் தகுந்த வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். எக்ஸ் குரோமோசோம், ஒய் குரோமோசோமைவிடப் பெரியது. அதனால் எக்ஸ் விந்தணுவுக்குள் டி.என்.ஏ என்ற மரபுப் பொருள் சற்றுக் கூடுதலாக இருக்கும். மாட்டினத்தில் இந்த வித்தியாசம் ஏறத்தாழ 4 சதவிகிதம்.

4 சதவிகிதம் என்றால் எவ்வளவு? 100 கிலோ மூட்டைக்கும் 104 கிலோ மூட்டைக்கும் உள்ள வித்தியாசம்தான். அதுவும் மூட்டையைத் தராசில் வைக்கக் கூடாது. லாரியில் இருந்து விழுந்துகொண்டிருக்கும்போதே பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த இயந்திரத்துக்குக் கொடுக்கப்பட்ட வேலை இதுதான்.

ரைஸ் மில்லில் பார்த்திருப்பீர்கள்

நவீன ரைஸ் மில்களில் ‘கலர் சார்ட்டர்’ இருக்கும். அரிசி வரிசையாகச் சரிந்து விழும். கேமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும். கறுத்த அரிசி வந்தால், அது கீழே வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டு, மெல்லிய குழாயில் இருந்து காற்றை ஊதி அதை மட்டும் தள்ளிவிடும். விந்தணு பிரிக்கும் இயந்திரமும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. அரிசிக்குப் பதில் விந்தணு, கேமராவுக்குப் பதில் லேசர், காற்றுக்குப் பதில் மின்சாரம்.

முதல் வேலை, சாயம் ஏற்றுவது. விந்தணுவின் டி.என்.ஏவில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு சாயத்தைக் கலக்கிறார்கள். இந்தச் சாயத்தின் மீது புற ஊதா லேசர் பட்டால் நீல நிறத்தில் ஒளிரும். டி.என்.ஏ அதிகம் இருந்தால் சாயம் அதிகம் ஒட்டும், ஒளியும் அதிகம் வரும். எக்ஸ் விந்தணு சற்றுப் பிரகாசமாகவும், ஒய் விந்தணு சற்று மங்கலாகவும் தெரியும். இறந்துபோன விந்தணுக்களை அடையாளம் காண வேறொரு நிறமியும் சேர்க்கப்படும்.

அடுத்து, ஒற்றை வரிசையில் நிறுத்துவது. சாயம் ஏற்றிய விந்துவை, வேகமாக ஓடும் ஒரு திரவத்தின் நடுவே செலுத்துகிறார்கள். சுற்றிலும் ஓடும் திரவம் நெருக்குவதால், விந்தணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ரேஷன் கடை வரிசை போல வருகின்றன. முடி அளவே கனம் உள்ள ஒரு முனை வழியாக இந்தத் திரவம் வெளியே பீய்ச்சப்படுகிறது.

மூன்றாவது வேலை, ஒளியைப் படிப்பது. வரிசையில் வரும் ஒவ்வொரு விந்தணுவும் லேசரைக் கடக்கும். அந்தக் கண நேரத்தில் அது வெளியிடும் ஒளியை உணர்கருவி அளந்துவிடும். மறுமுறை பார்க்க வாய்ப்பே கிடையாது.

நான்காவது, துளியாக்குவது. தோட்டத்துக் குழாயை லேசாகத் திறந்துவிட்டுப் பாருங்கள். மேலே கம்பி போல விழும் தண்ணீர், கீழே வரவரத் துளிகளாக உடையும். இயந்திரத்தில் பீய்ச்சும் முனையை மிக வேகமாக அதிரவைப்பதால், திரவம் ஒரே அளவுள்ள துளிகளாக, ஒரே தாளத்தில் உடைகிறது. விநாடிக்குப் பல பத்தாயிரம் துளிகள். ஒவ்வொரு துளியும் ஒரு மில்லி லிட்டரில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். பெரும்பாலான துளிகள் வெறுமையாக இருக்கும். சிலவற்றில் ஒரே ஒரு விந்தணு இருக்கும்.

கடைசி வேலை, பிரிப்பது. லேசர் பார்த்த விந்தணு, துளியாக உடையும் இடத்துக்கு வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்பது இயந்திரத்துக்குத் தெரியும். சரியாக அந்தத் துளி பிரியும் கணத்தில் அதற்கு மின்னேற்றம் கொடுக்கிறது. எக்ஸ் துளிக்கு ஒரு வகை மின்னேற்றம். ஒய் துளிக்கு அதற்கு எதிரானது. பிறகு, துளிகள் உயர் அழுத்த மின்சாரம் பாயும் இரண்டு தகடுகளுக்கு நடுவே விழுகின்றன. எக்ஸ் துளிகள் ஒரு பக்கம் இழுக்கப்பட்டு ஒரு குழாயில் சேரும். ஒய் துளிகள் மறுபக்கம் போகும். மின்னேற்றம் இல்லாத துளிகள் நேராக விழுந்து கழிவுக்குப் போய்விடும்.

துளி உடையும் நேரத்தின் கணக்கு ஒரு துளி அளவு பிசகினால்கூட, எக்ஸுக்கான மின்னேற்றம் பக்கத்துத் துளிக்குப் போய்விடும். அதனால்தான் வெப்பநிலை, அழுத்தம், அதிர்வு எல்லாம் மாறாமல் இருக்கிற ஆய்வுக்கூடத்தில் மட்டுமே இந்த வேலையைச் செய்ய முடிகிறது.

மை அச்சில் பிறந்த யோசனை

இந்த நுட்பம் மாட்டுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்வீட் என்பவர், மையைத் துளிகளாக்கி, மின்னேற்றம் கொடுத்து, வேண்டிய இடத்தில் விழவைக்கும் முறையை உருவாக்கினார். லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த மேக் ஃபுல்வைலர், மைத்துளிக்குள் ஓர் உயிரணுவை வைத்தால் அதையும் இப்படிப் பிரிக்கலாமே என்று யோசித்து, 1965-ல் செய்து காட்டினார். பிறகு ஸ்டான்ஃபோர்டில் லியோனார்டு ஹெர்சன்பெர்க் குழுவினர், உயிரணுவின் ஒளியைப் பார்த்துப் பிரிக்கும் இயந்திரமாக இதை வளர்த்தார்கள். அது ரத்த அணுக்களை ஆராயப் பயன்பட்டது.

இதைக் கால்நடைக்குக் கொண்டுவந்ததில் முக்கியமானவர், அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஜான்சன். விந்தணுவுக்குக் கேடு வராமல் சாயம் ஏற்றி, உயிரோடு பிரித்து, அதில் இருந்து முயல் குட்டிகள் பிறந்ததை 1989-ல் அவரது குழு வெளியிட்டது. அதன் பிறகே மாடுகளுக்கான வணிக உற்பத்தி வளர்ந்தது.

இந்தியாவிலும் இப்போது இந்த வசதி இருக்கிறது. தமிழ்நாடு, குஜராத், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் ஆகிய ஐந்து மாநிலங்களின் அரசு உறைவிந்து நிலையங்களில் பாலினம் பிரிக்கும் கூடங்கள் அமைக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் அது உதகமண்டலத்தில் இருக்கிறது. ஆரம்பத்தில் இயந்திரம், உரிமம் எல்லாமே வெளிநாட்டு நிறுவனங்களின் கையில் இருந்ததால் விலை அதிகம். உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்ட தொழில்நுட்பம் 2024 அக்டோபர் 5 அன்று மகாராஷ்டிர மாநிலம் வாஷிமில் பிரதமரால் தொடங்கிவைக்கப்பட்டது. இதனால் ஒரு டோஸுக்குச் சுமார் 200 ரூபாய் வரை செலவு குறையும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் திட்டத்தில் மானியமும் உண்டு. உங்கள் ஊரில் இப்போது என்ன விலை, எந்த இனக் காளையின் குச்சி இருப்பில் இருக்கிறது என்பதை அருகில் இருக்கும் கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏன் 100 சதவிகிதம் இல்லை?

‘இவ்வளவு செய்தும் ஏன் 90 சதவிகிதம்தான் என்கிறார்கள்?’ நியாயமான கேள்வி.

மாட்டின் விந்தணுத் தலை, உருண்டையாக இருக்காது. தட்டையாக, முறம் போல இருக்கும். முறத்தை நேராகப் பார்த்தால் அகலமாகத் தெரியும், ஓரத்தில் இருந்து பார்த்தால் கோடு போலத் தெரியும். அதேபோல, விந்தணு எந்தப் பக்கம் திரும்பி லேசரைக் கடக்கிறது என்பதைப் பொறுத்து, அதன் ஒளி கூடிக் குறைந்து தெரியும். நாம் தேடும் வித்தியாசமோ 4 சதவிகிதம்தான். திரும்பி வருவதால் உண்டாகும் வேறுபாடு, அதை முழுங்கிவிடும்.

இதற்காக முனையின் உள்வடிவத்தை மாற்றி, விந்தணுக்கள் ஒரே பக்கமாகத் திரும்பி வரும்படி செய்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்தில் உணர்கருவிகளை வைத்து, கோணலாக வந்தவற்றைக் கண்டுபிடித்து ஒதுக்குகிறார்கள். அப்படியும், எக்ஸில் மங்கலானதும் ஒய்யில் பிரகாசமானதும் நடுவே ஒன்றாகக் கலந்துதான் தெரியும். அந்த நடுப் பகுதியை எவ்வளவு கறாராக ஒதுக்குகிறோமோ, அவ்வளவு துல்லியம் கூடும். ஆனால், அவ்வளவுக்கு நல்ல விந்தணுக்களும் கழிவுக்குப் போகும், விலை ஏறும். 90 சதவிகிதம் என்பது இந்த இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம்.

இதை வைத்து முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். பத்தில் ஒன்று காளையாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒருவரது பண்ணையில் இந்த ஊசி மூலம் ஐந்து கன்றுகள் பிறந்தால், ஐந்துமே கிடேரியாக இருக்க 59 சதவிகிதம்தான் வாய்ப்பு. அதாவது, நூறு பண்ணைகளில் 41 பண்ணையில் குறைந்தது ஒரு காளைக் கன்றாவது இருக்கும். ஆகவே, ஒரு காளைக் கன்று பிறந்ததை வைத்து ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. ஆனால், நான்கு கன்றுகளில் மூன்று காளையாகப் பிறந்தால்? அது தற்செயலாக நடக்க ஆயிரத்தில் நான்கு என்ற அளவில்தான் வாய்ப்பு. அப்போது குச்சியின் விவரங்களோடு கால்நடை மருத்துவரிடம் விசாரிப்பதில் தவறே இல்லை.

சினை பிடிப்பது ஏன் குறைகிறது?

இரண்டாவது கேள்விக்கான பதிலும் அந்தத் துளியில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு விந்தணுவையும் தனித்தனியாகப் பார்ப்பதால் நேரமாகிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 5,000 எக்ஸ் விந்தணுக்கள் சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சாதா உறைவிந்துக் குச்சி ஒன்றில் ஏறத்தாழ 2 கோடி விந்தணுக்கள் இருக்கும். அந்த அளவுக்குப் பிரித்து நிரப்ப 4,000 விநாடி, அதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஒரே ஒரு குச்சிக்கு! அதனால்தான் பாலினம் பிரித்த குச்சியில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரைதான் வைக்கிறார்கள். 20 லட்சத்துக்கு 7 நிமிடம் போதும். சாதா குச்சியில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு, அல்லது ஐந்தில் ஒரு பங்கு.

எண்ணிக்கை மட்டும் காரணமல்ல. சாயம், லேசர், அழுத்தம், வேகமாகப் பாய்ந்து குழாயில் விழும் அதிர்ச்சி, பிறகு உறையவைத்தல் என்று அந்த விந்தணு பட்ட பாடு அதிகம். கருப்பைக்குள் அதன் ஆயுளும் குறைவு. ஒரு டோஸில் 1 கோடி வரை உயர்த்திப் பார்த்த ஆய்வுகளிலும், சினை பிடிப்பு சாதா விந்துவின் அளவை எட்டவில்லை. நல்ல நிர்வாகம் உள்ள பண்ணைகளிலேயே சாதா ஊசியில் 100 மாடு சினை பிடிக்கும் இடத்தில், இதில் 80 முதல் 90 வரைதான் பிடிக்கும் என்பது பொதுவான அனுபவம்.

ஆக, இந்தக் குச்சியில் இருப்பது கொஞ்சமான, களைத்துப்போன, ஆனால் பொறுக்கி எடுத்த விந்தணுக்கள். சாதா ஊசியில் நேரம் கொஞ்சம் தவறினாலும், மாட்டிடம் சிறு குறை இருந்தாலும், எண்ணிக்கை பலத்தில் சமாளித்துவிடும். இதில் அந்தத் தாராளம் கிடையாது.

எந்த மாட்டுக்குப் போடலாம்?

முதல் இடம், நன்கு வளர்ந்த, முதல் முறை சினை ஊசி போடவிருக்கும் கிடேரிகளுக்கு. அவற்றுக்குத்தான் சினை பிடிக்கும் திறன் அதிகம். வயதை மட்டும் பார்க்காதீர்கள். கலப்பினக் கிடேரி என்றால் ஏறத்தாழ 250 கிலோ எடை வந்திருக்க வேண்டும், பருவச் சுழற்சி ஒழுங்காக இருக்க வேண்டும். இன்னொரு லாபமும் உண்டு. கிடேரிக் கன்று, காளைக் கன்றைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும் என்பதால், தலைச்சன் ஈற்றில் சிரமம் குறையும்.

அடுத்ததாக, முதல், இரண்டாம் ஈத்து மாடுகளில் கன்று ஈன்று 60 நாளுக்கு மேல் ஆகி, நஞ்சுக்கொடி தங்குதல், கருப்பைச் சீழ் போன்ற தொல்லை எதுவும் இல்லாமல், உடல் தேறி இருப்பவற்றுக்குப் போடலாம்.

போடக் கூடாதவை எவை? திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தும் சினை பிடிக்காத மாடு, ஈன்ற பிறகு மெலிந்துபோன மாடு, பருவ அறிகுறி சரியாகத் தெரியாத மாடு, கருச்சிதைவு ஆன மாடு. ‘சாதா ஊசியில்தான் நிக்கலை, இதைப் போட்டுப் பார்ப்போம்’ என்பது பலர் செய்யும் தவறு. விலை அதிகமான ஊசி என்பதால் அது வீரியம் அதிகமான ஊசி அல்ல. அந்த மாட்டுக்கு முதலில் தேவை சிகிச்சை.

ஒரு கணக்கு. புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான். நல்ல நிலையில் இருக்கும் 100 கிடேரிகளுக்குச் சாதா ஊசி போட்டு 50 சினை பிடித்தால், 25 கிடேரிக் கன்றுகள் கிடைக்கும். பாலினம் பிரித்த ஊசி போட்டு 40 சினை பிடித்தால், 36 கிடேரிக் கன்றுகள் கிடைக்கும். சினை குறைந்தாலும் லாபம் தெரிகிறது. அதே ஊசியை, பிரச்னை உள்ள 100 மாடுகளுக்குப் போடுவதாக வைத்துக்கொள்வோம். சாதா ஊசியில் 20 சினை பிடித்து 10 கிடேரி கிடைக்கும் இடத்தில், இதில் 10 சினைதான் பிடித்தால் 9 கிடேரிதான் கிடைக்கும். கூடுதல் விலையும் போய், 10 மாடுகள் கூடுதலாகச் சினை இல்லாமல் நிற்கும். ஒவ்வொரு மாடும் அடுத்த பருவத்துக்கு வர 21 நாள். அத்தனை நாள் தீவனமும் நம் கைக்காசு.

ஊசி போடும் நாளில்

நேரம்தான் முக்கியம். சாதா ஊசிக்கு, காலையில் பருவம் தெரிந்தால் மாலையில், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் என்பது எல்லோரும் அறிந்த வழக்கம். பிரித்த விந்தணுக்களுக்கு ஆயுள் குறைவு என்பதால், கருமுட்டை வெளிவரும் நேரத்துக்கு இன்னும் சற்று நெருக்கமாகப் போடுவது நல்லது. அதாவது, வழக்கமான நேரத்தைவிடச் சில மணி நேரம் தள்ளி. எவ்வளவு தள்ளலாம் என்பதை மாட்டைப் பார்த்து மருத்துவர் சொல்வார். ஆனால், அவரிடம் பருவம் தொடங்கிய நேரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டியது நாம்தான். மாடு கத்துவதை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். மற்ற மாடு மேலே தாவும்போது விலகாமல் நின்று கொடுக்கிறதா, கண்ணாடி போன்ற திரவம் எப்போது வரத் தொடங்கியது என்று கவனித்து, நேரத்தைக் குறித்து வையுங்கள். காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு முறை பார்ப்பவர்களுக்கு இந்த நேரம் தப்பாது.

குச்சியைத் திரவ நைட்ரஜன் கேனில் இருந்து எடுத்த உடனே, 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் போல வைத்து உருக்கி, துடைத்து, தாமதம் இல்லாமல் போட்டுவிட வேண்டும். சட்டைப் பையில் வைத்து எடுத்து வருவது, வெயிலில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பது எல்லாம் சாதா விந்துவுக்கே ஆகாது. இதற்குச் சுத்தமாக ஆகாது. கேனில் இருந்து எடுப்பது முதல் ஊசி போடுவது வரை பக்கத்தில் நின்று பாருங்கள். தவறாக நினைக்க மாட்டார்கள்.

குச்சியின் மேல் காளையின் எண், இனம், உற்பத்தி செய்த நிலையம், தேதி போன்ற விவரங்கள் அச்சிடப்பட்டிருக்கும். காலிக் குச்சியைக் கேட்டு வாங்கி, ஒரு கவரில் போட்டு, மாட்டின் காது வில்லை எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள். பின்னால் சந்தேகம் வந்தால், இதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

ஊசி போடும் நாளுக்கு முன்பே செய்ய வேண்டியதும் உண்டு. தாது உப்புக் கலவை, பசுந்தீவனம், குடற்புழு நீக்கம் இவற்றை இரண்டு மாதத்துக்கு முன்பிருந்தே சரியாகச் செய்துவந்தால்தான் கிடேரி ஒழுங்காகப் பருவத்துக்கு வரும்.

துளியே இல்லாத புது முறை

துளியாக்கிப் பிரிப்பதில் விந்தணு படும் பாட்டைக் குறைக்க இன்னொரு வழியும் வந்துவிட்டது. தபால் தலை அளவுள்ள சில்லு ஒன்றில், முடியைவிட மெல்லிய வாய்க்கால்கள். அதற்குள் விந்தணுக்கள் வரிசையாக ஓடும். ஒரு லேசர் ஒளியைப் படிக்கும். எக்ஸ் அல்லாத விந்தணு வந்தால், இன்னொரு லேசர் அதைச் செயலிழக்கச் செய்துவிடும். பீய்ச்சுவது, துளியாக்குவது, மின்னேற்றுவது எதுவும் இல்லை. ஜீனஸ் ஏ.பி.எஸ் நிறுவனம் இந்த முறையில் தயாரித்த விந்துவை 2017-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதிலும் ஒவ்வொரு விந்தணுவையும் தனித்தனியாக, ஒரே முறை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. எனவே, நேரம், எண்ணிக்கை, துல்லியம் என்ற மூன்றுக்கும் நடுவிலான இழுபறி இங்கும் உண்டு. எந்த முறையில் தயாரித்த குச்சியாக இருந்தாலும் மேலே சொன்ன கவனம் தேவை.

கேள்வி – பதில்

*இந்த ஊசியில் பிறக்கும் கிடேரி அதிகம் பால் கறக்குமா?*

பிரித்ததால் பால் கூடாது. பாலைத் தீர்மானிப்பது காளையின் தரம், தாயின் தரம், உங்கள் வளர்ப்பு. ‘கிடேரி ஊசி’ என்று மட்டும் கேட்காமல், ‘எந்தக் காளை, அதன் தாய் எவ்வளவு கறந்தது’ என்றும் கேளுங்கள்.

*சாயம், லேசர் எல்லாம் படுவதால் கன்றுக்கு ஊனம் வருமா?*

அந்தப் பயம் வேண்டாம். பிரித்த விந்துவில் பிறந்த கன்றுகளையும் சாதா விந்துவில் பிறந்த கன்றுகளையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வில் சினைக்காலம், பிறப்பு எடை, உயிர் பிழைப்பு ஆகியவற்றில் வேறுபாடு காணப்படவில்லை.

*ஒரே நேரத்தில் இரண்டு குச்சி போட்டால் உறுதியாக நிற்குமா?*

செலவுதான் இரட்டிப்பாகும். சினை பிடிப்பு அதற்கேற்ப ஏறாது. அந்தப் பணத்தைத் தாது உப்புக்குச் செலவிடுங்கள்.

*எருமைக்கு உண்டா?*

உண்டு. எருமையில் எக்ஸ், ஒய் வித்தியாசம் மாட்டைவிடச் சற்றுக் குறைவு, சுமார் 3.6 சதவிகிதம். ஆனாலும் பிரிக்க முடிகிறது. எருமையில் பருவ அறிகுறி வெளிப்படையாகத் தெரியாது, பெரும்பாலும் இரவில்தான் தெரியும் என்பதால், கவனிப்பு இன்னும் அதிகம் வேண்டும்.

*நாட்டு மாட்டுக்குப் போடலாமா?*

பாலுக்காக வளர்க்கும் சாஹிவால், கிர் போன்ற இனங்களுக்குப் போடலாம். காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம் வளர்ப்பவர்கள் யோசித்துச் செய்ய வேண்டும். அங்கே காளைக் கன்றுக்கும் மதிப்பு இருக்கிறது. ஊரெல்லாம் கிடேரி மட்டுமே கேட்டால், நாளைக்கு இனவிருத்திக்கு நல்ல காளைகளைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

முடிவாக…

கலப்பினப் பண்ணைகளில் காளைக் கன்று பிறந்தால் என்ன ஆகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். உழவுக்கும் வண்டிக்கும் தேவை குறைந்துவிட்ட நிலையில், பாலும் கொடுக்க முடியாமல், விற்கவும் மனமில்லாமல் தவிப்பவர்கள் பலர். அவர்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் உண்மையிலேயே உதவும். மூன்று, நான்கு மாடு வைத்திருப்பவர், சந்தையில் நோயோடு வரும் மாட்டை வாங்காமல், தன் கொட்டகையிலேயே அடுத்த தலைமுறைக் கறவையை உருவாக்கிக்கொள்ளலாம்.

ஆனால், எல்லா மாட்டுக்கும் போட வேண்டாம். கொட்டகையில் இருப்பதிலேயே ஆரோக்கியமான ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றுக்குச் சாதா ஊசியே போதும். இரண்டு முறை போட்டும் சினை நிற்காவிட்டால், மூன்றாவது முறை சாதா ஊசிக்கு மாறிவிடுங்கள். ஊசி போட்ட 60 முதல் 90 நாளுக்குள் சினைப் பரிசோதனை செய்துவிடுங்கள். சினை நிற்காத மாட்டுக்கு மாதக்கணக்கில் தீவனம் போட்ட பிறகு தெரிந்துகொள்வதைவிட, அது எவ்வளவோ லாபம்.